ரப்பர் பால் ரசீதும் ஐந்து மொழிகளும்: புரோட்டோபஃப் மதிப்புரை

குலசேகரம், அருமனை, களியல், கடையால் பக்கம் ரப்பர் பால் கொள்முதல் நிலையத்துக்கு மென்பொருள் எழுத உட்கார்ந்தால் ஒரே மொழியோடு வேலை முடிவதில்லை. எடைமேடைக்குள் இருக்கும் இஎஸ்பி32 சிப்புக்கு சி. நிலையப் பொறுப்பாளர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்குக் கோட்லின். நாகர்கோவில் அலுவலகத்துக்குத் தகவல் சேர்க்கும் சர்வர் கோ மொழியில். மாதக் கணக்கும் அறிக்கையும் பைத்தானில். மேலாளர் பார்க்கும் திரை ஜாவாஸ்கிரிப்டில். அதிகாலையில் பால் வெட்டிக் கொண்டுவந்தவரின் 18 கிலோ 450 கிராம், இந்த ஐந்து மொழிகளையும் தாண்டி அதே 18 கிலோ 450 கிராமாகவே பட்டுவாடாப் பதிவேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த வேலைக்கு, அதாவது ஒரு மொழி எழுதிய தகவலை இன்னொரு மொழி அப்படியே படிக்கும்படி சுருக்கி அனுப்புவதற்கு, கிடைக்கும் கருவிகளில் அதிகம் புழங்கும் ஒன்று கூகுளின் புரோட்டோகால் பஃபர்ஸ். புரோட்டோபஃப் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கூகுளுக்குள் 2001 முதல் ஓடியது. 2008 ஜூலையில் வெளியாருக்கும் திறந்துவிட்டார்கள். இன்று பெரும்பாலானவர்கள் எழுதும் புரோட்டோ3 வடிவம் 2016இல் வந்தது. காசு கிடையாது, கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமம், வணிக மென்பொருளிலும் தாராளமாகச் சேர்க்கலாம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கு மேல் மொழிகள், பல வருடம் ஓட வேண்டிய மென்பொருள், மாதக்கணக்கில் அப்டேட் செய்யப்படாத போன்கள் என்று மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் இதைவிட நல்ல தேர்வு இல்லை. ஆனால் இது எண்ணையும் எழுத்தையும் மட்டும்தான் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த எண் கிராமா கிலோவா, பூஜ்யம் என்றால் பூஜ்யமா அல்லது இன்னும் பார்க்கவில்லையா, பைசாவை எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பதையெல்லாம் நாம்தான் முடிவுசெய்து ஸ்கீமா கோப்பிலேயே, அதாவது தகவலின் அமைப்பை விவரிக்கும் கோப்பிலேயே, எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்யாத திட்டங்களில் கோளாறு வரும்; பழி புரோட்டோபஃப் மேல் விழும்.

எப்படி வேலை செய்கிறது

முதலில் ஒரு புரோட்டோ கோப்பு; ஸ்கீமா என்பது இதுதான். அதில் ரசீது என்ற பொருளுக்கு என்னென்ன ஃபீல்டு (தகவல் கட்டம்), ஒவ்வொன்றும் என்ன வகை, அதன் எண் என்ன என்று எழுதுகிறோம். புரோட்டோசி என்ற கம்பைலர் அந்தக் கோப்பைப் படித்து கோட்லினுக்கும் கோவுக்கும் பைத்தானுக்கும் தனித்தனியாகக் கோடு (நிரல் வரிகள்) உருவாக்கித் தரும். சின்ன சிப்புகளுக்கான சி மொழிக்கு நானோபிபி என்ற வெளி லைப்ரரி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரோட்டோபஃப்-இஎஸ் இப்போது நன்றாக இருக்கிறது.

ஒரு ரசீதை எடுத்து எண்ணிப் பார்க்கலாம். ஃபீல்டு 1 ரசீது எண் 4182. 2 உறுப்பினர் எண் 317. 3 எடை 18450 கிராம். 4 டிஆர்சி, அதாவது பாலில் உள்ள உலர் ரப்பர் விகிதம், 35.50 சதவீதத்தை 3550 என்று முழு எண்ணாக, 5 வகை, 6 நேரம், விநாடியில், 7 நிலையத்தின் பெயர் ‘குலசேகரம்’.

உறுப்பினர் எண் 317 கம்பியில், அதாவது அனுப்பும் வடிவில், போகும்போது மூன்று பைட்தான்: 16, 189, 2. முதல் பைட் டேக்: ஃபீல்டு எண்ணை எட்டால் பெருக்கி அதோடு வகைக் குறியீட்டைக் கூட்டினால் வருவது. 2 பெருக்கல் 8, கூட்டல் 0, ஆக 16. அடுத்த பைட் 189. அது 128ஐத் தாண்டியதால் ‘இன்னும் ஒரு பைட் வருகிறது’ என்று பொருள். 128 போக மீதி 61. கடைசி பைட் 2, அதன் மதிப்பு 2 பெருக்கல் 128, அதாவது 256. 256ஐயும் 61ஐயும் கூட்டினால் 317. சின்ன எண்ணுக்குச் சின்ன இடம், பெரிய எண்ணுக்குப் பெரிய இடம் என்ற இந்த முறைக்கு வேரின்ட் என்று பெயர்.

இதே கணக்கில் ரசீது எண் 3 பைட், உறுப்பினர் 3, எடை 4, டிஆர்சி 3, வகை 2, நேரம் 6. ஆக 21. நிலையத்தின் பெயர் மட்டும் தனியாக 29 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட் பிடிக்கும். ‘குலசேகரம்’ என்பதில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் சேர்த்து 9 குறிகள், 27 பைட். டேக்குக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று. முழு ரசீதும் 50 பைட்.

இதையே ஜேசான் என்ற, கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து வடிவத்தில், ஃபீல்டு பெயர்கள் சராசரி 6 ஆங்கில எழுத்து என்று வைத்து, இடைவெளி இல்லாமல் எழுதினால் 127 பைட். பைத்தானின் ஜேசான் லைப்ரரியை எதையும் மாற்றாமல் அப்படியே அழைத்தால் 167. காரணம், அது இயல்பாகத் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றையும் ஆறு எழுத்துக் குறியீடாக விரித்து எழுதும். காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளியும் விடும். என்ஷ்யூர்-ஆஸ்கி என்ற அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகவே போகும். ஜேசானிலேயே தொடர்பவர்கள் இதையாவது இன்றே செய்துவிடுங்கள்.

நிலையத்தின் பெயரை அனுப்பாமல் நிலைய எண்ணை அனுப்பினால் 29 பைட் இரண்டாகச் சுருங்கி, ரசீது 23 பைட்டில் முடிந்துவிடும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலையோரத்தில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் இடத்தில் ஒரு நாள் ரசீதுகளை மொத்தமாக ஏற்றுகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் தெரியும். மற்றபடி, பைட் சேமிப்புக்காக மட்டும் புரோட்டோபஃப் எடுக்கச் சொல்ல மாட்டோம். ஜேசானையும் அமுக்கி அனுப்பலாம். இதன் உண்மையான பலம் ஸ்கீமாதான்.

ஃபீல்டு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை: 1 முதல் 15 வரை டேக் ஒரே பைட்டில் அடங்கும், 16 முதல் 2047 வரை இரண்டு பைட். எப்போதும் வரும் ஃபீல்டுகளுக்கு முதல் 15ஐக் கொடுங்கள். 19000 முதல் 19999 வரை கம்பைலரே அனுமதிக்காது.

பூஜ்யம்

புரோட்டோ3இல் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. சாதாரண எண் ஃபீல்டின் மதிப்பு பூஜ்யம் என்றால் அது அனுப்பப்படுவதே இல்லை. படிக்கும் பக்கம், ஃபீல்டு வரவில்லை என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ரப்பர் பாலுக்கு டிஆர்சி சோதனை முடிவு சில நிலையங்களில் அடுத்த நாள்தான் கிடைக்கும். அதுவரை ஃபீல்டு 4 காலியாக இருக்கும். பைத்தான் கணக்கு நிரல் அதைப் பூஜ்யம் சதவீதம் என்று படித்து, பட்டுவாடா பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்துவிடும். எங்கேயும் எரர் வராது.

தீர்வு எளிது. அந்த ஃபீல்டுக்கு முன்னால் ஆப்ஷனல் என்ற சொல்லைச் சேர்த்தால், ‘மதிப்பு வந்ததா’ என்று தனியாகக் கேட்கும் வசதி எல்லா மொழியிலும் உருவாகும். புரோட்டோ3இல் இது நடுவில் இல்லாமல் போய், 3.15 வெர்ஷனிலிருந்து முழுமையாகத் திரும்ப வந்தது. பணம், எடை, சோதனை முடிவு எதுவானாலும் ஆப்ஷனல் போடுங்கள். விதிவிலக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எடிஷன் 2023 என்ற புதிய வடிவத்தில் இதுவே இயல்பான நடத்தை. அங்கே தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வகை ஃபீல்டிலும் இதே கதைதான். ரப்பர் பால், ஷீட் என்று ஈனம் (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) எழுதும்போது முதல் மதிப்பு பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பூஜ்யத்தை ரப்பர் பாலுக்குக் கொடுத்தால், வகை குறிக்காமல் விட்ட ரசீதெல்லாம் ரப்பர் பாலாகிவிடும். பூஜ்யத்துக்கு ‘குறிப்பிடவில்லை’ என்று வைத்துவிட்டு 1இலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு ஒருநாள் ஒட்டுப்பாலுக்கு 3 என்று புதிதாகச் சேர்த்தால், பழைய போனில் ஓடும் ஜாவா, கோட்லின் கோடு அதை ‘அடையாளம் தெரியாதது’ என்று காட்டும். அந்த நிலையில் அதன் எண்ணை நேரடியாகக் கேட்டால் நிரல் அப்படியே விழுந்துவிடும். மூல எண்ணைத் தரும் தனி மெத்தட் ஒன்று கூடவே உருவாகியிருக்கும், அதைத்தான் அழைக்க வேண்டும்.

சத்தமில்லாமல் மாறும் எடை

ஃபீல்டு வகையை மாற்றுவதில் ஒரு பயங்கரம் இருக்கிறது. இன்ட்32, யூஇன்ட்32, இன்ட்64, யூஇன்ட்64 என்ற முழு எண் வகைகளும் ஆம்/இல்லை வகையான பூலும் ஒன்றுக்கொன்று கம்பியில் ஒத்துப்போகும். சின்ட்32 அப்படியல்ல, அது எதிர்ம எண்களுக்காகச் செய்தது. 0க்கு 0, -1க்கு 1, 1க்கு 2, -2க்கு 3 என்று மாற்றி மாற்றி அடுக்கும்.

அதன் பயன் உண்மையானது. பாத்திர எடைத் திருத்தம் -25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண இன்ட்32இல் எந்த எதிர்ம எண்ணும் 10 பைட் பிடிக்கும். சின்ட்32இல் அது 49 ஆகி ஒரே பைட்டில் அடங்கும். ஆகவே எதிர்ம எண் வரக்கூடிய ஃபீல்டை ஆரம்பத்திலேயே சின்ட்32 என்று எழுத வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எடை ஃபீல்டைச் சர்வரில் மட்டும் சின்ட்32 ஆக்கினால் என்ன ஆகும்? 18450 என்று போன் அனுப்பியதைச் சர்வர் 9225 என்று படிக்கும். எடை சரிபாதி. உறுப்பினர் எண் 317 என்பது -159 ஆகும். -159ஐ யாராவது பார்த்துச் சந்தேகப்படுவார்கள். 9.225 கிலோவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது; மழைக்காலத்தில் பால் குறைந்திருக்கிறது என்றே நினைப்பார்கள். இழப்பு பால் கொண்டுவந்தவருக்கு.

ஃபீல்டை நீக்குவதும் இதைப் போன்றதே. நீக்கிய எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. ரிசர்வ்டு என்று எழுதி அந்த எண்ணைப் பூட்டிவிடுங்கள். மறந்துபோய் யாராவது திரும்ப எடுத்தால் கம்பைலரே தடுக்கும். பஃப் என்ற தனிக் கருவியில் பிரேக்கிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பழைய புரோட்டோ கோப்போடு புதியதை ஒப்பிட்டு எது உடையும் என்று பட்டியல் தரும். கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இது தானாக ஓடும்படி வையுங்கள். புரோட்டோபஃப்பை இது இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்வோம்.

புதிய ஃபீல்டு சேர்ப்பதில் மட்டும் பயமே இல்லை. பழைய நிரல் தனக்குத் தெரியாத ஃபீல்டைத் தாண்டிப் போகும். 3.5 வெர்ஷனுக்குப் பிறகு, அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து திரும்ப அனுப்பும்போது சேர்த்தே அனுப்பும். நடுவில் ஜேசானாக மாற்றினாலோ ஃபீல்டு ஃபீல்டாக நகலெடுத்தாலோ அந்த வசதி போய்விடும்.

தமிழ்ப் பெயர்கள்

ஆங்கில ஆவணங்களில் இதற்குப் பெரிதாக இடம் கிடையாது. நமக்கு இதுதான் முக்கியம். புரோட்டோ3இல் ஸ்ட்ரிங் (எழுத்து மதிப்பு) என்றால் அது சரியான யுடிஎஃப்-8 ஆக இருந்தே தீர வேண்டும். தவறான பைட் ஒன்று இருந்தாலும் ஜாவா, கோ, பைத்தான் மூன்றும் முழுச் செய்தியையும் ஏற்க மறுக்கும். அந்தப் பெயரை மட்டுமல்ல, ரசீதையே.

இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். நானோபிபியில் ஸ்ட்ரிங்குக்கு உச்ச அளவு 32 என்று வைத்தால் 32 பைட் இடம் ஒதுக்கும். கடைசி ஒன்று முடிவுக் குறிக்குப் போக, எழுத்துக்கு 31. ‘கொல்லங்கோடு’ என்ற ஊர்ப் பெயரில் 11 குறிகள், 33 பைட். சி நிரலில் இடம் போதாமல் 31 பைட்டோடு வெட்டி நிரப்பினால் பத்துக் குறிகள் முழுதாகவும் கடைசி உகரக் குறியின் முதல் பைட் மட்டும் தனியாகவும் நிற்கும். நானோபிபி இயல்பாக யுடிஎஃப்-8 சரிபார்க்காது, அனுப்பிவிடும். போன் பக்கம் கோட்லின் சார்ந்திருக்கும் ஜாவா ரன்டைம், அதாவது நிரலோடு ஓடும் லைப்ரரி, அதைத் தூக்கி எறியும். ‘தக்கலை’ வரும், ‘அருமனை’ வரும், கொல்லங்கோட்டு ரசீது மட்டும் வராது. தமிழ்ப் பெயர் எத்தனை குறி என்று எண்ணி, மூன்றால் பெருக்கி, அதற்கு மேலேயும் கொஞ்சம் இடம் விடுங்கள். இன்னும் நல்ல வழி, எடைமேடை வரைக்கும் பெயரையே கொண்டுபோகாமல் எண்ணை மட்டும் வைப்பது.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ககரம், கொம்பு, கால் என மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டில் வேறு. கொல்லங்கோடு ஒரு முறையில் 33 பைட், மற்றொரு முறையில் 39. புரோட்டோபஃப் இரண்டையும் அப்படியே கொண்டுபோகும். மாத அறிக்கையில் ஒரே ஊர் இரண்டு வரியாக வந்து நிற்கும். பெயர் உள்ளே நுழையும் இடத்திலேயே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் மருந்து. பைத்தானில் யூனிகோட்-டேட்டா, ஜாவாவில் நார்மலைசர், ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கின் நார்மலைஸ் என்று எல்லா இடத்திலும் இதற்கு வசதி உண்டு.

செய்திக்கு முடிவு கிடையாது

புரோட்டோபஃப் செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அந்தச் செய்திக்குள் எதுவும் இல்லை. எச்டிடிபி வழியாக அனுப்பினால் நீளத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். புளூடூத், சீரியல் போர்ட், கோப்பில் வரிசையாகச் சேர்த்தல் போன்றவற்றில் நாம்தான் நீளத்தை முன்னால் எழுத வேண்டும்.

புளூடூத் லோ எனர்ஜியில் எதையும் மாற்றாவிட்டால் ஒரு தடவைக்கு 20 பைட்தான் போகும். மேலே பார்த்த 50 பைட் ரசீது 20, 20, 10 என்று மூன்று துண்டாகும். முதல் துண்டை மட்டும் போன் பார்ஸ் செய்தால் (பிரித்துப் படித்தால்), ரசீது எண் 4182க்கு எரர் வரும்; ஏனென்றால் நேரம் என்ற ஃபீல்டு 21ஆவது பைட்டில்தான் முடிகிறது. அதே ரசீது எண் 127க்குள் இருந்தால்? எண்ணுக்கு ஒரு பைட் குறைந்து, நேரம் சரியாக 20ஆவது பைட்டில் முடியும். முதல் துண்டே முழுமையான, பிழையற்ற செய்தியாகப் பார்ஸ் ஆகிவிடும். நிலையத்தின் பெயர் மட்டும் இருக்காது. ஆக, புது வருட வரிசையில் முதல் 127 ரசீதுகளில் ஒரு விதமாகவும் 128க்கு மேல் வேறு விதமாகவும் நடக்கும் கோளாறு இது. இதைத் துரத்திப் பிடிக்கப் பல நாள் போகும்.

முன்னால் இரண்டு பைட்டில் நீளம், பின்னால் இரண்டு பைட்டில் சிஆர்சி16 என்ற பிழை சரிபார்ப்பு எண் என்று வைத்து, நீளம் முழுதாகச் சேர்ந்து சிஆர்சி ஒத்துப்போன பிறகே பார்ஸ் செய்யுங்கள். கோப்பில் எழுதுவதற்கு ஜாவாவில் நீளத்தோடு எழுதும் டிலிமிட்டட் மெத்தட் தயாராகவே இருக்கிறது.

பைசா, நேரம், பெரிய எண்

பணத்தை ஃப்ளோட், டபிள் என்ற தசம எண் வகைகளில் வைக்காதீர்கள். பைசாவை முழு எண்ணாக வையுங்கள். அதோடு முழுமையாக்கும் விதியையும் எழுதுங்கள். 18450 கிராம், 35.50 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 6549.75 கிராம். கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 1,309 ரூபாய் 95 பைசா. உலர் எடையை முதலிலேயே 6.55 கிலோ என்று முழுமையாக்கினால் 1,310 ரூபாய். போன் ஒரு தொகை, அலுவலகம் ஒரு தொகை காட்டினால் நிலையத்தில் நிற்பவர் பதில் சொல்ல முடியாமல் தவிப்பார். மொழிகளும் ஒத்துப்போவதில்லை: 2.5ஐப் பைத்தானின் ரவுண்ட் 2 என்று சொல்லும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 3 என்று சொல்லும். தொகையை ஒரே இடத்தில், சர்வரில், கணக்கிட்டு மற்றவர்களுக்கு முடிந்த பைசாவை மட்டும் அனுப்புங்கள்.

நேரத்தை ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் மில்லிவிநாடியில் தரும். பைத்தான் விநாடியில், தசமத்தோடு தரும். ஃபீல்டு பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுங்கள். அல்லது புரோட்டோபஃப்போடு வரும் டைம்ஸ்டாம்ப் வகையைப் பயன்படுத்துங்கள். அது எப்போதும் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டுவது திரையில் காட்டும்போது மட்டும்தான்.

ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் 9,007,199,254,740,991 வரைதான் பிசகாமல் நிற்கும். அதனால்தான் புரோட்டோபஃப்பை ஜேசானாக மாற்றும்போது இன்ட்64 எல்லாம் மேற்கோளுக்குள் எழுத்தாக வரும். இது தெரியாமல் 5ஓடு 1ஐக் கூட்டினால் 51 வரும். ஜாவாவுக்கோ குறியற்ற எண்ணே கிடையாது. யூஇன்ட்32இல் 214 கோடியைத் தாண்டிய மதிப்பு அங்கே எதிர்மமாகத் தெரியும்.

நிறுவும்போது

பெரிய எரிச்சல், கம்பைலர் வெர்ஷனும் ரன்டைம் வெர்ஷனும் ஒத்துப்போகாமை. 2022இல் பைத்தான் ரன்டைம் 4.21 வந்தபோது, பழைய புரோட்டோசியால் உருவான கோடெல்லாம் ‘டிஸ்கிரிப்டர்களை நேரடியாக உருவாக்க முடியாது’ என்ற எரரோடு நின்றது. சரியான தீர்வு 3.19 அல்லது அதற்குப் பிந்தைய புரோட்டோசியால் கோடைத் திரும்ப உருவாக்குவது. அவசரத்துக்கு ரன்டைமை 3.20க்கு இறக்கலாம். பாடம் எல்லா மொழிக்கும் ஒன்றுதான்: புரோட்டோசி வெர்ஷன், ஒவ்வொரு மொழியின் ரன்டைம் வெர்ஷன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிப் பூட்டி வையுங்கள். கோடு உருவாக்கிய கம்பைலர் வெர்ஷன் ரன்டைம் வெர்ஷனை முந்தக் கூடாது.

ஆண்ட்ராய்டுக்கு லைட் ரன்டைம் எடுங்கள். ஆப் அளவு குறையும். ஆனால் லைட்டில் ஜேசானாக மாற்றும் வசதி இல்லை என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். புரோட்டோ கோப்புகளுக்குத் தனியாக ஒரு கிட் களஞ்சியம் வைத்து, ஐந்து நிரல்களும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் ஒரு நகல் இருந்தால் ஆறு மாதத்தில் ஐந்தும் ஐந்து விதமாகிவிடும்.

மற்றவை

சி ஸ்ட்ரக்டை (நினைவகத்தில் உள்ள தகவல் தொகுதியை) அப்படியே அனுப்பலாமே என்று எடைமேடை செய்பவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். ஒரு பைட் வகையும் நான்கு பைட் எடையும் சேர்ந்த ஸ்ட்ரக்ட் 5 பைட் அல்ல, பொதுவாக 8. நடுவில் 3 பைட் வெற்றிடம். இஎஸ்பி32 சிறிய பைட்டை முன்னால் வைக்கும். ஜாவாவின் பைட்பஃபர் இயல்பாகப் பெரியதை முன்னால் எதிர்பார்க்கும். 18450 கிராம் அங்கே 30,67,08,480 கிராமாகும், அதாவது கிட்டத்தட்ட 307 டன். பைத்தானின் சொந்தச் சேமிப்பு வடிவமான பிக்கிள் மற்ற மொழிக்கு உதவாது. நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த பிக்கிளைத் திறந்தால் அதற்குள் இருக்கும் எந்தக் கட்டளையும் ஓடிவிடும்.

தோவாளை பூச்சந்தையின் அன்றைய விலையை பிரவுசரில் காட்டும் பக்கத்துக்கு ஜேசானே போதும். இரு முனையும் ஜாவாஸ்கிரிப்ட், கண்ணால் படிக்கலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அங்கே புரோட்டோபஃப் வீண் வேலை. மெசேஜ்பேக், சிபிஓஆர் இரண்டும் ஜேசானின் சுருங்கிய வடிவங்கள். ஸ்கீமா கட்டாயம் இல்லாததால் ஃபீல்டு பெயர் ஒவ்வொரு முறையும் கூடவே போகும். ஏவ்ரோ, கோப்போடு ஸ்கீமாவையும் சேர்த்தே வைப்பதால் பத்து வருடப் பழைய பதிவுகளைச் சேமிக்க நல்லது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளின் விநாடிக்கு விநாடி அளவீடுகளைப் பைத்தானிலும் ஆர் மொழியிலும் அலசுபவர்களுக்கு அப்பாச்சி ஏரோதான் பொருத்தம். கோடிக்கணக்கான எண்களை நெடுவரிசையாக, நகலெடுக்காமல் பகிரும். புரோட்டோபஃப்பில் அதைச் செய்தால் பார்ஸ் செய்வதிலேயே நேரம் போகும். ஒரு செய்தி 2 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒரே ரசீதை இரண்டு மொழிகள் எழுதினால் பைட் வரிசை ஒன்றாகவே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆகவே கையொப்பமோ ஹேஷோ (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போடுவதானால் முதலில் வந்த பைட்டுகளை அப்படியே வைத்துப் போடுங்கள், திரும்ப எழுதிப் போடாதீர்கள். மேலும் இது மறையாக்கம் அல்ல. புரோட்டோசியில் டீகோட்-ரா என்ற வசதிக்கு எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் ஸ்கீமா இல்லாமலேயே ஃபீல்டு எண்ணையும் மதிப்பையும் காட்டிவிடும். கோளாறு தேடும்போது அது கைகொடுக்கும். அதே காரணத்தால் டிஎல்எஸ் என்ற மறையாக்கம் இல்லாமல் அனுப்பக் கூடாது.

தொடங்கும் நாளிலேயே ஒரு சோதனைக் கோப்புத் தொகுப்பு செய்துவிடுங்கள். டிஆர்சி இல்லாத ரசீது ஒன்று, டிஆர்சி பூஜ்யமான ரசீது ஒன்று, -25 திருத்தம், கொல்லங்கோடு இரண்டு வடிவிலும், ரசீது எண் 127, 128, தெரியாத வகை 99. சி எழுதியதைக் கோட்லின் படிக்க வேண்டும், கோட்லின் எழுதியதைக் கோ, கோ எழுதியதைப் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் இந்தத் தொகுப்பு ஐந்து மொழியிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் அன்றைய அப்டேட்டைப் போனுக்கு ஏற்றாதீர்கள்.